நாய்களுக்கு வீடு தந்த மேரி அம்மையார்



நம் வீட்டுத் திண்ணையில் ஒரு நாய்க்குட்டி மழையில் நனைந்து வந்து ஒதுங்கினால் என்ன செய்வோம்? சிலர் ஒரு கிண்ணத்தில் பால் வைப்போம். சிலர் விரட்டுவோம். பால் வைத்தவரும்கூட, மழை விட்டதும் அது எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. பிறகு மறந்தே போகிறோம்.

ஆனால், 160 ஆண்டுகளுக்கு முன் லண்டன் நகரில் ஓர் அம்மையாரால் அப்படி மறக்க முடியவில்லை. ஒரே ஒரு தெருநாய் அவர் மனதை மாற்றியது. அந்த மனமாற்றம் பிற்காலத்தில் லட்சக்கணக்கான நாய்களுக்குப் புது வீடு தேடித் தந்தது. அவர் பெயர் மேரி டீல்பி. அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்.

பிறப்பும் இளமையும்

மேரி, 1801ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். திருமணத்துக்கு முன் அவர் பெயர் மேரி பேட்ஸ். எட்வர்ட் என்ற சகோதரர் அவருக்கு இருந்தார். எட்வர்ட் பிற்காலத்தில் பாதிரியார் ஆனார். இந்தச் சகோதரரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசி வரை அவர் வருவார்.

ஹல் என்ற துறைமுக நகரத்தைச் சேர்ந்த மர வியாபாரி ராபர்ட் டீல்பிக்கு மேரியைத் திருமணம் செய்து வைத்தார்கள். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. கணவரைப் பிரிந்து மேரி லண்டனுக்கு வந்தார். லண்டனின் வடபகுதியில் ஹாலோவே என்ற இடத்தில் தன் சொந்தங்களோடு வசித்தார்.

குழந்தைகளே, அந்தக் காலத்து இங்கிலாந்தில் கணவரைப் பிரிந்து வாழும் பெண்ணை ஊரார் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பெண்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. திருமணமான பெண்ணின் சொத்துகூடக் கணவர் பெயரில்தான் இருக்கும். மேரியிடம் பெரிய செல்வம் இல்லை. பட்டமோ பதவியோ இல்லை. வயதோ 60ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. இனி என்ன செய்துவிட முடியும் என்று மற்றவர்கள் ஓய்ந்து உட்காரும் வயதில்தான் அவர் தம் வேலையைத் தொடங்கினார்!

அன்றைய லண்டன்

அப்போதைய லண்டன் எப்படி இருந்தது தெரியுமா? 1861ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 28 லட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். மோட்டார் வண்டிகள் கிடையாது. தெருவெல்லாம் குதிரை வண்டிகள், சேறு, கரிப்புகை. அந்த நெரிசலுக்கு நடுவே எலும்பும் தோலுமாய் நாய்கள் அலைந்தன.

இத்தனை நாய்கள் தெருவுக்கு எப்படி வந்தன? ஏழை வியாபாரிகள் ஒரு காலத்தில் சின்னச் சின்ன வண்டிகளில் நாய்களைப் பூட்டி இழுக்கச் செய்தார்கள். அது கொடுமை என்று 1839ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனில் அதைத் தடை செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால், வண்டி இழுக்காத நாய்க்கு எதற்குச் சோறு போட வேண்டும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். ஊர் மாறிப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போன நாய்கள், வழிதவறிய நாய்கள், தெருவிலேயே பிறந்த குட்டிகள் என்று எண்ணிக்கை பெருகியது.

இன்னொரு கூட்டமும் இருந்தது. அவர்கள் நாய்த் திருடர்கள்! பணக்காரர் வீட்டு நாயைத் தூக்கிப் போய், பணம் கொடுத்தால்தான் திருப்பித் தருவோம் என்று மிரட்டுவார்கள். எலிசபெத் பாரெட் என்ற புகழ்பெற்ற கவிஞரின் செல்ல நாய் ஃப்ளஷ், 1846ஆம் ஆண்டுக்குள் 3 முறை திருடு போனது. மூன்று முறையும் பணம் கொடுத்துத்தான் மீட்டார். அவரிடம் பணம் இருந்தது. பணம் இல்லாதவர் நாய் தொலைந்தால் தொலைந்ததுதான். எங்கே போய்த் தேடுவது என்றுகூடத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலே வெறிநோய் பற்றிய பயம். அப்போது வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கிடையாது. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் அதை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போட்டுக் காப்பாற்றியது 1885ஆம் ஆண்டில்தான். ஆகவே தெருநாயைக் கண்டாலே மக்கள் கல்லால் அடித்தார்கள், தடியால் அடித்தார்கள். அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. பயம் மனிதர்களை அப்படிச் செய்ய வைக்கும்.

பிழைக்காத நாய்

மேரிக்கு சாரா மேஜர் என்ற தோழி இருந்தார். கேனன்பரி சதுக்கம் என்ற இடத்தில் அவர் வீடு. ஒருநாள் தெருவில் பசியால் துவண்டு கிடந்த ஒரு நாயை சாரா வீட்டுக்குத் தூக்கி வந்தார். தோழியைப் பார்க்க வந்த மேரியும் அதைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து அதற்குப் பணிவிடை செய்தார்கள்.

அந்த நாய் பிழைத்ததா? இல்லை, குழந்தைகளே. பல நாள் பட்டினியால் அது மிகவும் நலிந்துபோயிருந்தது. அவர்கள் கண்ணெதிரிலேயே இறந்துபோனது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் அத்தோடு கண்ணீரைத் துடைத்துக்கொண்டு போயிருப்போம். மேரியோ வேறு விதமாக யோசித்தார். இந்த ஒரு நாய் நம் கண்ணில் பட்டது. கண்ணில் படாமல் இந்த நேரத்தில் எத்தனை நாய்கள் செத்துக்கொண்டிருக்கின்றன? முன்னமே ஓர் இடம் இருந்து, அங்கே இதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால் பிழைத்திருக்குமே! அப்படி ஓர் இடம் ஏன் இருக்கக் கூடாது?

தோழிகள் இருவரும் தெருவில் தவிக்கும் நாய்களைக் கொண்டுவந்து சாராவின் சமையலறையில் வைத்துப் பராமரித்தார்கள். சமையலறையில் எத்தனை நாய்களை வைத்துக்கொள்ள முடியும்? சீக்கிரமே இடம் போதவில்லை.

லாயத்தில் தொடங்கிய இல்லம்

மேரி, ஹாலோவேயில் ஹாலிங்ஸ்வொர்த் தெருவை ஒட்டி இருந்த குதிரை லாயங்களை வாடகைக்குப் பிடித்தார். அங்கே 1860ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. காணாமல் போன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்பது அதன் பெயர்.

தற்காலிகம் என்ற சொல்லைப் பாருங்கள். மேரி எவ்வளவு தெளிவாகச் சிந்தித்திருக்கிறார்! நாய்களை அங்கேயே ஆயுள் முழுக்க அடைத்து வைப்பது அவர் எண்ணம் இல்லை. தொலைந்த நாய் என்றால் சொந்தக்காரர் வந்து அடையாளம் காட்டி அழைத்துப் போகலாம். யாரும் வராவிட்டால் நல்ல மனம் உள்ள வேறொருவர் அழைத்துப் போகலாம். தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தங்குமிடம், அவ்வளவுதான்.

அதே ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் நிர்வாகக் குழுவின் முதல் கூட்டம் நடந்தது. 1824ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்த விலங்கு வதைத் தடுப்புச் சங்கம், தன் அலுவலகத்தில் கூட்டம் நடத்த இடம் தந்தது. பாதிரியாரான சகோதரர் எட்வர்ட், அக்காரியத்தில் மேரிக்குத் துணை நின்றார்.

ஊர் சிரித்தது!

இல்லம் தொடங்கி 3 வாரம்கூட ஆகவில்லை. லண்டனின் பெரிய நாளிதழான டைம்ஸ், இந்த முயற்சியைக் கேலி செய்து எழுதியது. நாய்களுக்கு இல்லம் என்று கேட்டதும் இதைத் தொடங்கியவர்களுக்கும் ஆதரிப்பவர்களுக்கும் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறதா என்று சந்தேகம் எழுப்பியது. பத்திரிகையைப் படித்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

கேலிக்குப் பின்னால் ஒரு கேள்வியும் இருந்தது. தெருவில் ஏழைக் குழந்தைகள் பசியோடு படுத்திருக்கும்போது நாய்களுக்கு இல்லமா என்பதுதான் அது. குழந்தைகளே, இதைத் தள்ளிவிடக் கூடாது. நல்ல கேள்விதான். அன்றைய லண்டனில் வீடற்ற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தது உண்மை. உங்களிடமே யாராவது இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரக்கம் என்பது பானையில் இருக்கும் தண்ணீர் மாதிரி, ஒருவருக்கு ஊற்றினால் இன்னொருவருக்குக் குறைந்துபோகும் என்று இந்தக் கேள்வி நினைக்கிறது. கிணற்று நீர் அப்படியா? இறைக்க இறைக்க ஊறும். விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பல ஆண்டுகள் பாராளுமன்றத்தில் போராடியவர் அவர்தான்! மனிதருக்காக அழுதவர் மாட்டுக்காகவும் குதிரைக்காகவும் அழுதார். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விடவில்லை.

மேரி அம்மையார் பத்திரிகையோடு சண்டைக்குப் போய்க்கொண்டிருக்கவில்லை. தம் வேலையைப் பார்த்தார். வேலை சுலபமாகவா இருந்தது? நாய்களுக்குத் தினமும் தீனி வேண்டும், வைக்கோல் வேண்டும், ஆள் கூலி கொடுக்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும். எல்லாம் நன்கொடையை நம்பித்தான். போதாக்குறைக்கு இரவெல்லாம் நாய்கள் குரைக்கின்றன என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். அவர்களும் தூங்க வேண்டாமா?

ஒரு நல்ல கட்டுரை

1862ஆம் ஆண்டு ஒரு திருப்பம் வந்தது. ஆலிவர் ட்விஸ்ட் என்ற நாவலை எழுதிய சார்லஸ் டிக்கன்ஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழைக் குழந்தைகளின் துயரத்தை உலகறியச் செய்த எழுத்தாளர் அவர். அவர் நடத்திய வார இதழில் அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு கட்டுரை வந்தது. அதன் தலைப்பு, இரண்டு நாய்க் கண்காட்சிகள்.

ஒன்று, இஸ்லிங்டனில் நடந்த நிஜமான நாய்க் கண்காட்சி. அங்கே சாதி நாய்கள், பரிசுகள், பணக்காரர் கூட்டம். இன்னொன்று, அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மேரியின் இல்லம். அங்கே இருந்தவையோ யாருக்கும் வேண்டாத நாய்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, மேரியின் இல்லத்தை அந்தக் கட்டுரை அன்போடு பாராட்டியது. சிரித்தவர்களில் பலர் சிந்திக்கத் தொடங்கினார்கள். இல்லத்துக்கு ஆதரவும் பெருகத் தொடங்கியது.

5 ஆண்டும் ஒரு நாளும்

ஆனால், அந்த வளர்ச்சியைப் பார்க்க மேரி அம்மையாருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவருக்குப் புற்றுநோய் கண்டிருந்தது. பிகிள்ஸ்வேட் என்ற ஊரில் 1865ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 63. இல்லம் தொடங்கி 5 ஆண்டும் ஒரு நாளும்தான் ஆகியிருந்தன. அந்த ஊரிலுள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். சகோதரர் எட்வர்டும் பின்னாளில் அங்கேயே அடக்கமானார்.

தொடங்கியவர் போய்விட்டால் நிறுவனமும் போய்விடும் என்பார்கள். இந்த இல்லம் போகவில்லை. ஏன் தெரியுமா? மேரி அதைத் தம் வீட்டுச் சொத்துபோல் நடத்தவில்லை. முதலிலேயே குழு அமைத்தார், கணக்கு வைத்தார், பலரையும் சேர்த்துக்கொண்டார். ஆகவே அவர் மறைந்த பிறகும் வண்டி ஓடியது.

1867ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டம், தெருவில் திரியும் நாய்களைப் பிடிக்கும் அதிகாரத்தை லண்டன் போலீசாருக்குத் தந்தது. போலீசார் பிடித்த நாய்கள் இந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்தன. எண்ணிக்கை எக்கச்சக்கமாகக் கூடியது. 1871ஆம் ஆண்டு இல்லம் தேம்ஸ் நதிக்குத் தெற்கே பாட்டர்சீ என்ற இடத்துக்கு மாறியது. 1883 முதல் பூனைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 1885ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியாரே அதன் புரவலர் ஆனார். சிரித்த ஊர் இப்போது என்ன சொல்லியிருக்கும்!

ஒரு வருத்தமான உண்மையையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. வந்த நாய்கள் எல்லாவற்றுக்கும் வீடு கிடைக்கவில்லை. நோய் முற்றியவை, கேட்க ஆளில்லாதவை என்று அந்த நாட்களில் ஏராளமான நாய்களை வலியில்லாமல் சாகவிட வேண்டியிருந்தது. தெருவில் அடிபட்டும் பட்டினியிலும் சாவதைவிட அது மேல் என்று அவர்கள் நினைத்தார்கள். நல்ல காரியம் செய்பவர்களுக்கும் இப்படிப்பட்ட கடினமான முடிவுகள் உண்டு.

கடல் கடந்த தெருநாய்கள்

லண்டன் தெருவில் பொறுக்கிய நாய்கள் கடல் கடந்தும் போயின. முதல் உலகப் போரின்போது, 1917ஆம் ஆண்டு, ரிச்சர்ட்சன் என்ற ராணுவ அதிகாரி ஷூபரினெஸ் என்ற கடலோர ஊரில் நாய்ப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவருக்கு நாய்கள் எங்கிருந்து கிடைத்தன? பாட்டர்சீ இல்லத்திலிருந்துதான்! பிறகு வேறு ஊர்களின் நாய் இல்லங்களிலிருந்தும் வந்தன.

பயிற்சி பெற்ற நாய்கள் பிரான்ஸ் நாட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்டன. அங்கே குண்டு விழுந்து டெலிபோன் கம்பிகள் அறுந்துபோகும். செய்தி கொண்டு ஓடும் வீரர்கள் வழியிலேயே சுடப்படுவார்கள். அப்போது நாயின் கழுத்துப் பட்டையில் சின்னத் தகரக் குழாயைக் கட்டி, அதற்குள் செய்தியை வைத்து அவிழ்த்துவிடுவார்கள். அது சேற்றையும் பள்ளத்தையும் தாண்டிப் பின்னால் உள்ள முகாமுக்கு ஓடும்.

அடித்தா ஓட வைத்தார்கள்? இல்லவே இல்லை. தனக்குச் சோறு போட்டு, தடவிக் கொடுத்து வளர்த்த பராமரிப்பாளர் அந்த முகாமில் காத்திருப்பார். அவரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையில்தான் அது ஓடியது. போர் கொடியது, விலங்குகளை அதில் இழுத்தது சரியா என்று இன்று நாம் கேட்கலாம். ஆனால், ஒன்றுக்கும் உதவாதது என்று கல்லெறியப்பட்ட தெருநாய்க்குள் எவ்வளவு அறிவும் அன்பும் இருந்தன என்பதை ஊரார் அப்போது கண்டுகொண்டார்கள்.

பாட்டர்சீ இல்லம் இன்றும் அதே இடத்தில் இயங்குகிறது. 1860 முதல் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களையும் பூனைகளையும் அது பராமரித்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பிரதமரின் டவுனிங் தெரு வீட்டுக்கு எலி பிடிக்க ஒரு பூனை தேவைப்பட்டது. எங்கிருந்து போனது தெரியுமா? இந்த இல்லத்திலிருந்துதான். அதன் பெயர் லாரி. தெருவில் திரிந்த பூனை பிரதமர் வீட்டில் குடியேறிவிட்டது, பாருங்கள்!

நாம் என்ன செய்யலாம்?

குழந்தைகளே, இதைப் படித்தவுடன் தெருவில் போகும் நாயையெல்லாம் தூக்கிக் கொஞ்சக் கிளம்பிவிடாதீர்கள்! பழக்கம் இல்லாத நாயைத் தொடாதீர்கள். குட்டி போட்ட நாய், சாப்பிடும் நாய், தூங்கும் நாய் ஆகியவற்றின் அருகில் போகாதீர்கள். நாய் கடித்தாலோ, பல் லேசாகப் பட்டாலோ, உடனே அந்த இடத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் நன்றாகக் கழுவ வேண்டும். பெற்றோர் திட்டுவார்கள் என்று மறைக்கவே கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் சொல்லும் ஊசிகள் அத்தனையும் போட்டுக்கொள்ள வேண்டும். மேரி அம்மையார் காலத்தில் இல்லாத ஊசி நமக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடலாமா?

ஆனாலும் நீங்கள் செய்யக்கூடியவை நிறைய உண்டு. கல்லெறியும் நண்பனைத் தடுக்கலாம். வெயில் காலத்தில் வாசலில் ஒரு சட்டி தண்ணீர் வைக்கலாம். அடிபட்டுக் கிடக்கும் விலங்கைக் கண்டால் பெரியவர்களிடம் சொல்லி, கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் தரச் செய்யலாம். வீட்டில் நாய் வளர்க்க ஆசைப்பட்டால், அது கிழமாகும் வரை சோறு போட முடியுமா என்று முதலில் வீட்டாரோடு உட்கார்ந்து பேசலாம். குட்டியாக இருக்கும்போது கொஞ்சிவிட்டு, வளர்ந்ததும் தெருவில் விடுவதால்தானே தெருநாய்களின் எண்ணிக்கை கூடுகிறது!

மேரி அம்மையாரால் அந்த முதல் நாயைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஆனால், அதற்குப் பின்னால் வந்த லட்சக்கணக்கான நாய்கள் ஒரு வீட்டு வாசலில் வாலாட்டி நின்றதற்கு அந்த ஒரு நாய்தான் காரணம். அதை வெறுமனே பார்த்துவிட்டுப் போகாமல், அடுத்ததையாவது காப்பாற்ற வேண்டும் என்று எழுந்த ஒரு மனமும் காரணம்.

அடுத்த முறை உங்கள் திண்ணையில் நனைந்த குட்டி ஒன்று வந்து நின்றால், மழை விட்ட பிறகு அது எங்கே போகிறது என்று அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சரிதானே, குழந்தைகளே?